சீட்டைக் கடைசி வரை தள்ளிவிட்டால் போதுமா?

கார் சீட் பற்றிய சந்தேகங்களை எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் உயரமானவர்கள் எழுதிய கடிதங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 31 வருடமாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். என் உயரம் 6 அடி 1 அங்குலம். இந்த வலி எனக்குத் தெரியும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 29, உயரம் 6 அடி 2 அங்குலம். காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போன வருடம் பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்று வாங்கினேன். சீட்டை ஏற்றி இறக்கும் வசதி அதில் இல்லை. கடைசி வரை பின்னால் தள்ளி, முதுகையும் நன்றாகச் சாய்த்துத்தான் ஓட்டுகிறேன். அப்படியும் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. சூளகிரி தாண்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, வலது தொடை மரத்துப்போகிறது. காரை மாற்றுவதுதான் வழியா?

பதில்: காரை மாற்ற வேண்டாம் தம்பி. முதலில் அந்தச் சாய்வை நிமிர்த்துங்கள். அப்புறம் சீட்டை ஒரு கிளிக் முன்னால் கொண்டு வாருங்கள்.

இடம் போதவில்லை என்கிறவனை முன்னால் வரச் சொல்கிறாரே என்று நினைப்பீர்கள். என் கடைக்கு வரும் சீட்டுகளைக் காட்டினால் உடனே புரிந்துவிடும். உயரமானவர் ஓட்டிய சீட்டின் கவரைக் கழற்றினால் முன்பக்க ஃபோம் புதுசு போல இருக்கும். நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் இரண்டு குழி விழுந்திருக்கும். பின்மூலை, அதாவது இடுப்பு போய் உட்கார வேண்டிய இடம், அதுவும் புதுசாகவே இருக்கும். அந்த மனிதர் இத்தனை வருடமும் சீட்டின் நடுவில் சறுக்கி உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். தொடைக்கும் தாங்கல் இல்லை, இடுப்புக்கும் தாங்கல் இல்லை. உடம்பின் பாரம் முழுக்க அந்த இரண்டு குழியில்.

முதுகைச் சாய்த்தால் தோள் ஸ்டியரிங்கை விட்டுத் தள்ளிப் போகிறது. கை எட்டாததால் இடுப்பு தானாக முன்னால் சறுக்குகிறது. இடுப்பு முன்னால் வந்தால் முட்டியும் முன்னால் வரும், ஸ்டியரிங்கில் இடிக்கும். சீட்டைத் தள்ளி நீங்கள் சம்பாதித்த இடத்தை அந்தச் சறுக்கல் தின்றுவிடுகிறது. இடுப்புக்குப் பின்னால் ஒரு கை நுழையும் அளவு வெற்றிடம் வேறு. இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தச் செருப்பு, ஷூவோடு ஓட்டுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு உட்காருங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். இடுப்பைச் சீட்டின் பின்மூலையில் இதற்கு மேல் போகாது என்கிற வரை தள்ளுங்கள். இது சரியாக அமையாவிட்டால் மற்ற எதுவும் அமையாது. அடுத்து கிளட்ச்சைத் தரை வரை மிதியுங்கள். முழுசாக மிதித்த நிலையிலும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட் பின்னால் இருக்கிறது. முட்டி மேலே எழும்பினால் முன்னால் இருக்கிறது. அப்புறம்தான் முதுகு. தோள் இரண்டும் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டி ஸ்டியரிங்கின் உச்சியில் வையுங்கள். மணிக்கட்டு அங்கே உட்கார வேண்டும். விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் சாய்வு அதிகம்.

கொஞ்சம் நிமிர்த்தினால் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒருவர் கேட்டார். கடையில் ஸ்கேலை வைத்து அளந்து காட்டினேன். சாய்வை 5 டிகிரி குறைத்தால் தோள் சுமார் 5 சென்டிமீட்டர் முன்னால் வருகிறது. ஆனால் தலை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் மேலே ஏறும். அதனால்தான் உயரமானவர்கள் நிமிரப் பயப்படுகிறார்கள். தலைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் படுக்கையாக நுழைந்தால் போதும், தைரியமாக நிமிருங்கள்.

உங்கள் உயரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் முக்கியம். சுவரோரமாகத் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்து பாருங்கள். எனக்கு 97 சென்டிமீட்டர் வருகிறது. என் உயரமே உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு 92தான் வந்தது. அவருக்கு உயரம் காலில், எனக்கு முதுகில். அவர் முட்டி இடிக்கிறது என்று வருவார், நான் தலை இடிக்கிறது என்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அவர் ரகம் என்று தோன்றுகிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழே, தண்டின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். சின்னதாக ஒரு லிவர் தட்டுப்பட்டால் ஸ்டியரிங்கை மேலே கீழே அசைக்கலாம். நான்கு வருடம் கார் ஓட்டியும் அது இருப்பது தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். முட்டிக்கு வழி கிடைக்கும் வரை ஏற்றுங்கள். வளையத்தின் நடுவே ஸ்பீடு மீட்டர் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி உங்கள் காரில் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா? முட்டி உரசும் இடம் அதுதான். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் தொங்கினால் கார்ச் சாவியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அந்தக் கொத்து மணிக்கணக்கில் முட்டியில் தட்டுவதே ஒரு தொந்தரவு.

மரத்துப்போகும் தொடைக்கு வருகிறேன். முட்டி ஸ்டியரிங்கைத் தவிர்க்கப் பார்த்து வலது கால் வெளியே சாய்ந்து, கதவில் ஊன்றி நிற்கிறது என்பது என் ஊகம். மேலே சொன்னதைச் செய்தாலே பாதி குறையும். மீதிக்கு ஃபோம் வேலை இருக்கிறது. சீட் கவரைப் பிரித்து, முன்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், முன்னால் ஒன்றரை இன்ச் கனமும் பின்னால் போகப் போக ஒன்றுமில்லாமலும் சீவிய 40 டென்சிட்டி ஃபோமை ஒட்டி, மறுபடி கவரைத் தைக்க வேண்டும். தொடை முழுக்க சீட்டில் படியும். முட்டியின் பின்மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும், அதற்கு மேல் ஃபோம் நீளக் கூடாது. நல்ல குஷன்காரர் யாராக இருந்தாலும் அரை நாளில் முடித்துவிடுவார். தொடைக்கு அடியில் தலையணையைச் சும்மா செருகிக்கொள்ளாதீர்கள். சறுக்கி பிரேக்குக்கு அடியில் போய்விட்டால் பேராபத்து.

இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் மரப்பு குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். நரம்பு விஷயத்தை ஃபோமால் சரிசெய்ய முடியாது.

கேள்வி: நான் 6 அடி 3 அங்குலம். என் காரில் சீட் பின்னால் போவது போதவே போதாது. சீட் ஓடும் ரெயிலைக் கழற்றி, மூன்று இன்ச் தள்ளித் துளை போட்டு வெல்டிங் வைத்துத் தருவதாக இங்கே ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: கூடாது. இதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், ஏனென்றால் இதே போன்ற தப்பை நானே செய்திருக்கிறேன்.

தொழில் தொடங்கிய புதிது. வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர், நல்ல உயரம், தொடைக்குத் தாங்கல் இல்லை என்று வந்தார். சீட்டின் முன்பக்க போல்ட்டைக் கழற்றி, அடியில் தேக்கு மரக்கட்டை கொடுத்து, நீளமான போல்ட் போட்டு முறுக்கிக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனார். மூன்று மாதம் கழித்து குருபரப்பள்ளி பக்கம் குறுக்கே மாடு ஒன்று வர, முழு பலத்தோடு பிரேக் மிதித்திருக்கிறார். மிதித்த வேகத்தில் முதுகு சீட்டை அழுத்த, கட்டை பிளந்து, போல்ட் வளைந்து, சீட் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டது. கால் பிரேக்கை விட்டு எழும்பிவிட்டது. வேன் சாலையை விட்டு இறங்கி ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. வளைந்த போல்ட்டை மட்டும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இன்றும் அது என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகள் மோதலில் உங்கள் உடம்பின் பாரத்தைப் போல் பல மடங்கு விசையைத் தாங்க வேண்டியவை. பெரும்பாலான கார்களில் பெல்ட்டின் கொக்கி சீட்டோடுதான் மாட்டியிருக்கிறது. சீட் பிடுங்கிக்கொண்டால் பெல்ட்டும் பயன்படாது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் போட்ட ஒயர் ஓடினால் அது ஏர்பேக்குக்கோ, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவிக்கோ உரியது. வெல்டிங் பட்டறையில் அதை விளையாட்டாகக் கழற்றி மாட்டக் கூடாது. சட்டமும் இடம் தராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது.

முதல் கேள்விக்குச் சொன்ன வரிசையில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். தரையில் மேட் மேல் மேட் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், குதிகால் ஒரு இன்ச் இறங்கும். பழைய சீட் கவர்கள் இரண்டு மூன்று ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால் அவற்றையும் கழற்றுங்கள். இதற்குப் பிறகும் கால் அடங்கவில்லை என்றால், அந்தக் கார் உங்களுக்கு ஆகாது. வருத்தத்தோடு சொல்கிறேன், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் 6 அடிக்கு மேல், நான் 5 அடி 1 அங்குலம். ஒரே கார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போய் வந்தால், மாலையில் அவர் ஏறி உட்காரும்போது முட்டி நசுங்குகிறது என்று சத்தம் போடுகிறார். தினமும் இதே சண்டை. – ஆசிரியை, தர்மபுரி

பதில்: அம்மா, இறங்கும்போது சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிக்கு எண்ணிக்கை இருக்கிறது. சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, அங்கிருந்து முன்னால் இழுக்கும்போது கேட்கும் கிளிக் சத்தத்தை எண்ணுங்கள். உங்களுக்கு ஏழாவது கிளிக், அவருக்கு முதல் கிளிக் என்று வரலாம். இருவரும் அவரவர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்யலாம். முதுகுச் சாய்வுக்கும் இதேதான். கடையில் சிலருக்கு ரெயிலின் ஓரத்தில் நெயில் பாலிஷால் இரண்டு புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் உயரம் குறைவு என்பதால் ஸ்டியரிங்குக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருப்பீர்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும். தோளுக்கு மேலே தூணில் பெல்ட் மாட்டியிருக்கும் இடம் பல கார்களில் ஏறி இறங்கும். அவருக்கு மேலே, உங்களுக்குக் கீழே. பெல்ட் அவருக்குத் தோளை விட்டு நழுவக் கூடாது, உங்களுக்குக் கழுத்தை அறுக்கக் கூடாது. கண்ணாடிகளையும் ஆள் மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டும், இதற்குச் சோம்பல் படாதீர்கள்.

கேள்வி: புதுக் கார் வாங்கப் போகிறோம். மகன் 6 அடி 2 அங்குலம், அவன்தான் ஓட்டுவான். ஷோரூமில் எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், பென்னாகரம்

பதில்: மகனைக் கையோடு கூட்டிப் போங்கள். அவன் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து இறங்கினால் எல்லாக் காரும் சொகுசாகத்தான் இருக்கும். இருபது நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். அதன் பிறகு உடம்பு உண்மையைச் சொல்லும்.

பார்க்க வேண்டிய முதல் விஷயம், ஸ்டியரிங் மேலே கீழே மட்டும் அசைகிறதா, முன்னால் பின்னாலும் வருகிறதா என்பது. கால் நீளமானவர்களுக்கு இது பெரிய வரம். காலுக்காகச் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கைக் கைக்கு இழுத்துக்கொள்ளலாம். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. சீட் உயரத்தை மாற்றும் லிவர் இருந்தால், ஏறுவதை விட எவ்வளவு இறங்குகிறது என்றுதான் மகன் பார்க்க வேண்டும். சன்ரூஃப் ஆசை இருந்தால், அது உள்ள மாடலிலேயே உட்கார்ந்து பாருங்கள். அதன் சட்டம் கூரைக்கு அடியில் இருப்பதால் பல கார்களில் தலைக்கு மேல் ஒரு இன்ச்சாவது போய்விடும். சன்ரூஃப் இல்லாத காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உள்ள காரை வாங்கி, வேகத்தடையில் தலை இடிக்கிறது என்று என்னிடம் வந்து ஃபோமைச் சீவச் சொன்னவர்கள் உண்டு. ஃபோமை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் சீவினால் அடியில் இருக்கும் கம்பி உடம்பில் உறுத்தும்.

பெரிய கார் என்றால் உயரமானவருக்கு வசதி என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியில் உட்காருவது போல் நிமிர்ந்து, கால் கீழே தொங்கும்படி உட்கார வைக்கும் கார்தான் வசதி. காலின் நீளம் கீழே இறங்கிவிடுவதால் முன்னால் இடம் குறைவாக இருந்தாலும் போதும். 1998-ல் சான்ட்ரோ, அடுத்த வருடம் வேகன் ஆர் என்று கூரை உயர்ந்த சின்னக் கார்கள் வந்தபோது, அம்பாசிடர் ஓட்டிய உயரமான ஆட்கள் அவற்றில் அடங்கிப் போனது இதனால்தான். நீளமாக, அழகாக, தரையோடு ஒட்டிய செடான்களில் காலை முன்னால் நீட்ட வேண்டியிருக்கும், கூரையும் சரிந்து வரும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு வேகத்தடை, ஒரு சிக்னல் இரண்டும் உள்ள பாதையைக் கேளுங்கள். வேகத்தடையில் தலை தட்டக் கூடாது. சிக்னலில் முதல் ஆளாக நிற்கும்போது விளக்கைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கக் கூடாது. ஹெட்ரெஸ்ட்டைக் கடைசி வரை ஏற்றிப் பாருங்கள். அதன் உச்சி தலையின் உச்சியைத் தொட்டால் மிக நல்லது, காதுக்கு மேலாவது வர வேண்டும். கழுத்தோடு நின்றுவிட்டால் பின்னாலிருந்து இடிக்கும்போது கழுத்து அதன் மேல் மடங்கும்.

வாங்கிய மறுநாளே சீட் கவர் போட வருவீர்கள். சீட் முதுகின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்ன லேபிள் தைத்திருந்தால், ஓரத்தை முழுக்க மூடும் கவர் வேண்டாம். என் பிழைப்பே கவர் தைப்பதுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன், 6 அடி. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும்போது இடது வளைவுகளில் உள் கண்ணாடி பாதையை மறைக்கிறது. குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது. – ஓட்டுநர், நல்லம்பள்ளி

பதில்: உங்கள் கண் கண்ணாடியின் உயரத்துக்கே வந்துவிட்டது. சீட்டை இறக்க முடிந்தால் ஒன்றிரண்டு நிலை இறக்குங்கள். கண்ணாடித் தண்டில் இரண்டு மூட்டு இருந்தால், மேல் மூட்டைத் திருப்பிக் கண்ணாடியைக் கூரையோடு ஒட்டி ஏற்றிவிடலாம். அதில் சாமி படம், மணி எதையும் தொங்கவிடாதீர்கள். டேஷ்போர்டில் வைத்துக் கும்பிடலாம்.

கணவாய் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தவரால் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடியாது. நீண்டுவிட்ட காலில் தள்ள இன்னும் தூரம் மிச்சம் இருக்காது. மடங்கிய முட்டியில்தான் பலம் இருக்கிறது. கீழ் கியரில் இறங்கினாலும், முன்னால் போகிற லாரி எந்த நேரமும் நிற்கலாம். தொப்பூர் இறங்குவதற்கு முன்னால், வண்டியை ஓரம் நிறுத்தியாவது சீட்டைச் சரிபாருங்கள்.

கேள்வி: மாங்காய் சீசனில் வாரம் இரண்டு முறை சென்னை போய் வருகிறேன். வயது 58, உயரம் 5 அடி 11 அங்குலம். ஆம்பூர் வருவதற்குள் ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கிறது. – வியாபாரி, சந்தூர்

பதில்: ஐயா, மண்டிப் பணம் பின்பாக்கெட்டில்தானே இருக்கிறது? அதை முன்னால் மாற்றுங்கள். ஒரு பக்கம் உயர்ந்து உட்கார்ந்தால் இடுப்பு கோணும். ஒரு கைத்துண்டை உருட்டி, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகின் பள்ளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு கனம் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஆம்பூர் வரை ஒரே மூச்சில் போகாமல் வாணியம்பாடியிலேயே இறங்கி ஒரு டீ குடியுங்கள். டீ குடிக்கும்போது உட்காராதீர்கள், நின்றே குடியுங்கள்.